அசைலம் ஹோட்டலில் மொழிபெயர்க்கப் போனபோது பார்த்தவை

பிரித்தானியாவில் அசைலம் (அகதித் தஞ்சம்) கேட்டவர்களைத் தங்க வைத்திருந்த ஒரு ஹோட்டலுக்கு 2024இல் மொழிபெயர்த்துக் கொடுக்கப் போய் வந்தேன். சாப்பாடு சரியில்லை, முன்பின் தெரியாத ஆட்களோடு ஒரே அறை என்று குறைகள் நிறைய இருந்தன, ஆனால் கொஞ்ச நேரம் பேசினால் எல்லோரும் வந்து நிற்கிற இடம் வேலைதான்.

வவுனியாத் தம்பி ஒருவர், ஊரில் வயரிங் செய்தவர். நடையில் ஒரு லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. "ஸ்டார்ட்டர்தான் அண்ணை, மாத்தினால் சரி, நான் மாத்தி விடட்டோ எண்டு கேளுங்கோ" என்றார். வரவேற்பில் கேட்டேன். கூடாது, அது வேலை செய்ததாகிவிடும் என்று பதில். அதை அவரிடம் சொன்னதும் பர்ஸிலிருந்து, அசைலம் கேட்டவர்களுக்குக் கொடுக்கும் தன் அடையாள கார்டை எடுத்துக் காட்டினார். வேலை செய்யத் தடை என்று அதிலேயே அடித்திருக்கிறது.

சாப்பாட்டோடு தங்கியிருப்பவருக்கு அப்போது கையில் கிடைத்தது வாரம் 8.86 பவுண்ஸ். பஸ்ஸுக்கும் போனுக்குமே அது காணாது. பயணத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும், கடன் கொடுத்தவர் ஊரில் மனைவியைப் போய்க் கேட்பார். இந்த நிலையில் ஒருவர் களவாக வேலைக்குப் போனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிப் போன ஒருவருக்கு ஒரு கடைக்காரர் பேசிய சம்பளத்தில் பாதிதான் கொடுத்திருக்கிறார், அதுவும் நம் ஆள். இவர் எங்கேயும் போய் முறையிட முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அசைலம் கேட்டு 12 மாதமாகியும் முடிவு வராவிட்டால், தாமதம் நம்மால் இல்லையென்றால், வேலை அனுமதி கேட்கலாம் என்று விதி இருந்தது. ஆனால் அரசு பட்டியலிட்ட வேலைகளுக்கு மட்டும், 2024 ஏப்ரலில் அந்தப் பட்டியலையும் சுருக்கினார்கள். கணக்காளராக இருந்த ஒரு அக்கா அனுமதிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார், அவருடைய தொழில்தான் பட்டியலில் இல்லை.

பக்கத்திலுள்ள அயர்லாந்தைப் பாருங்கள். பர்மாவிலிருந்து வந்து எட்டு வருடம் முடிவுக்காகக் காத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், வேலை செய்ய முழுத் தடை போடுவது அரசியலமைப்புக்கு முரண் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் அனுமதி வந்தது, 2021இல் காத்திருப்பை 6 மாதமாகக் குறைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 விதியில் 9 மாதம், 2024இல் கொண்டுவந்த புதிய விதியில் 6.

வேலை கொடுத்தால் இன்னும் ஆட்கள் வருவார்கள் என்பார்கள். நான் பேசியவர்களில் ஒருவர்கூட வேலை விதியைப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒருவருக்கு இங்கே சித்தப்பா இருந்தார், இன்னொருவரை ஏஜென்சிக்காரர் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

காத்திருப்பவர்கள் யாராவது படித்தால் ஒன்று: 12 மாதம் ஆனதும் அனுமதி தானாக வராது, நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும், வக்கீலிடம் அப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை தொண்டு நிறுவனங்களில் சம்பளமில்லாமல் உதவத் தடையில்லை. அந்தத் தம்பி இப்போது சனிக்கிழமைகளில் பழைய மின்சாமான் திருத்தும் ஒரு தொண்டு நிலையத்துக்குப் போகிறார்.