ஏதென்ஸ் கோயில் இடிபாடுகள்: மாணவர்களைக் கூட்டிப் போறவங்களுக்கு

முதல்ல அக்ரோபோலிஸ் மலை ஏற வேண்டாம். கீழே ஒலிம்பிய ஜீயஸ் கோயிலுக்குப் போங்க. 104 தூணில் இப்போ நிற்பது 15. 1852-ல் புயலில் சாய்ந்த தூண் ஒன்று விழுந்த வாக்கிலேயே கிடக்கு, வாழைத்தண்டை வட்டம் வட்டமா நறுக்கிச் சரிச்சு வைத்த மாதிரி. தூண் ஒரே கல் இல்லை, உருளைக் கற்களின் அடுக்கு என்பது பசங்களுக்கு அங்கேதான் பிடிபடும். அதுக்கப்புறம் மலை மேல இருக்கும் பார்த்தினன் கோயிலைப் பார்த்தா கல்லுக்குக் கல் இணைப்பைத் தானாவே தேடுவாங்க.

*

மேலே போனதும் தரையில் கிடக்கும் உருளைகளின் முகத்தைக் காட்டுங்க. நடுவில் சதுரக் குழி இருக்கும். அதில் மரக்கட்டை பொருத்தி, கட்டைக்கு நடுவில் முளை வைத்துத்தான் மேல் கல்லை மையம் பிசகாம உட்கார வைத்தாங்க. சுவர்க் கற்களைப் பிணைத்தது இரும்புப் பட்டை, சுற்றிலும் ஈயம் வார்த்திருக்கும். ஈயம் இருக்கும்வரை இரும்பில் தண்ணி படாது. 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பலனோஸ் என்ற பொறியாளர் சீரமைத்தபோது ஈயம் இல்லாம இரும்பை வைத்தார். துரு பிடித்து உப்பி, பளிங்கையே பிளந்தது. இப்போ அதையெல்லாம் எடுத்துட்டு டைட்டானியம் வைக்கிறாங்க. சாரம் கட்டியிருக்கேன்னு பசங்க முகம் சுளிச்சா இதைச் சொல்லுங்க.

*

ஏற்பாட்டு விஷயம் கொஞ்சம். அக்ரோபோலிஸ் டிக்கெட்டில் நுழைவு நேரம் அச்சாகியிருக்கும். முப்பது பேர் மெட்ரோவில் இருந்து சிதறி வந்தா அந்த நேரம் கைவிட்டுப் போகும், அரை மணி முன்னாடியே வாசலில் நிறுத்துங்க. அக்ரோபோலி மெட்ரோ பக்கத்துத் தென்கிழக்கு வாசலில் நுழைஞ்சா டயோனிசஸ் அரங்கை (பழங்கால நாடக அரங்கு) பார்த்துக்கிட்டே ஏறலாம். பெரிய பை உள்ளே விடமாட்டாங்க. மேலே நிழலே கிடையாது. கடும் வெயில் நாட்களில் நண்பகலில் மூடிடுவதும் உண்டு. நடைபாதைக் கல் கால் பட்டுப் பட்டு வழவழன்னு ஆகிடுச்சு, மழை இல்லாதப்பவே வழுக்கும். ரப்பர் அடி ஷூ அவசியம்.

இன்னொன்று: அங்கே கூட்டத்துக்கு விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டி வேணும். ஆசிரியர் குரலை உயர்த்தினா காவலர் வந்து கேட்கலாம். பாடத்தை முந்தின நாள் ராத்திரியே முடிச்சுடுங்க.

*

பார்த்தினனின் தூண்கள் நிற்கும் மேல்படி மட்டம் இல்லை. நடுவில் மேடு: குறுகிய பக்கம் சுமார் 6 செ.மீ., நீளப் பக்கம் சுமார் 11 செ.மீ. நேரே நின்னு பார்த்தா தெரியாது. தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே, மூலையில் குனிந்து, மொபைலைப் படி மட்டத்துக்கு இறக்கி ஜூம் பண்ணுங்க. வளைவு சட்டுனு தெரியும். கயிற்றைத் தாண்டினா விசில்தான்.

*

அரை நாள் மிச்சம் இருந்தா சூனியோன் கடல்முனைக்குப் போங்க. ஏதென்ஸில் இருந்து 70 கி.மீ., கடற்கரைப் பஸ். அங்கே கடல் தெய்வம் போசைடன் கோயில் இருக்கு. தூணில் மேலிருந்து கீழா ஓடும் வரிப்பள்ளங்களை, கண்ணுக்குத் தெரியும் பாதியில் மட்டும் எண்ணி இரட்டிப்பாக்கச் சொல்லுங்க. டோரிக் என்ற கிரேக்கப் பாணித் தூணுக்கு வழக்கமா 20. இங்கே 16 வரும். உள்ளூர்ப் பளிங்கு மென்மை. பள்ளம் குறைஞ்சா விளிம்பும் குறையும், உப்புக் காற்று அரிக்கவும் இடம் குறையும் என்பது பொதுவா சொல்ற விளக்கம். சூரியன் மறையும் வரை நிற்கணும்னு பசங்க அடம் பிடிப்பாங்க. கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுடுங்க.