200 ஸ்பீடு லைன்ல 11.2 மட்டும்தான் காட்டுது, ஏன்?

காரைக்குடி எடிட்டர்:
கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். கோயம்புத்தூர்ல இருக்கிற கேமராமேன் ஃபுட்டேஜை ஆன்லைன்ல ஏத்திவிடுவார், நான் இங்க இறக்கி வேலையை ஆரம்பிப்பேன். ஒரு கல்யாணத்துக்கு 40 ஜிபி சாதாரணமா வரும். அதுக்காகவே போன மாசம் 200 ஸ்பீடு ஃபைபருக்கு மாறினேன். ஆனா நொடிக்கு 11.2ல போய் நின்னுடுது, ஒரு புள்ளிகூட ஏறல. 40 ஜிபி இறங்க ஒரு மணி நேரம் ஆகுது. லைன் கொடுத்தவங்க எங்க பக்கம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க. முகூர்த்த மாசத்துல ஒவ்வொரு மணி நேரமும் எனக்கு முக்கியம்.

மதுரை மாணவன்:
அண்ணே, பிளான்ல இருக்கிற 200 மெகாபிட். கம்ப்யூட்டர் காட்டுறது மெகாபைட். 8 பிட் சேர்ந்தா ஒரு பைட். 200ஐ 8ஆல வகுத்தா 25. அதுதான் உச்சம்.

காரைக்குடி எடிட்டர்:
சரி தம்பி, 25ன்னே வச்சுக்குவோம். அதுல பாதிகூட வரலையே?

நெட்வொர்க் டெக்னீஷியன்:
அந்த 11.2தான் துப்பு. திருப்பிக் கணக்குப் போடுங்க. உங்க மென்பொருள் ஒரு மெகாபைட்டை 1024 × 1024 பைட்டா எண்ணுதுன்னா, 11.2 மெகாபைட் கிட்டத்தட்ட 94 மெகாபிட். டேட்டா சின்னச் சின்னத் துண்டா, அதாவது பாக்கெட்டா வரும்; ஒவ்வொரு பாக்கெட்டும் முகவரி மாதிரியான தகவலையும் சுமந்துதான் வருது, அதுக்கு சுமார் 6 சதவீதம் போயிடும். ஆக, லைன்ல ஓடுறது சரியா 100. பழைய 100 மெகாபிட் ஈதர்நெட்டோட (கேபிள் வழி நெட்வொர்க்) எல்லை அது.

ரூட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு வர்ற கேபிளைப் பாருங்க. 100க்கு ஆரஞ்சு, பச்சை ரெண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட்டுக்கு, நீலம், பழுப்பு ஜோடியும் வேணும், மொத்தம் 8 கம்பி. நீலம், பழுப்புல ஒரு கம்பி விட்டாலும் ரூட்டர், கம்ப்யூட்டர் ரெண்டு பக்கமும் பெரும்பாலும் 100க்கு இறங்கிடும். விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸ்ல இணைப்பு வேகம் 100/100ன்னு இருந்தா உறுதி.

காரைக்குடி எடிட்டர்:
100/100ன்னுதான் இருந்துச்சு! மாடியில இருந்து சுவர் வழியா வர்ற கேபிள். முனையைப் பிரிச்சுப் பார்த்தா 4 கம்பிதான் கிரிம்ப் பண்ணியிருக்கு, நீலமும் பழுப்பும் ஒட்ட வெட்டிக் கிடக்கு. ரெண்டு முனையையும் புதுசா 8 கம்பியோட போடச் சொன்னேன். இப்போ 1000/1000, நொடிக்கு 22.5 வருது. நேத்து ராத்திரி ஒரு ரிசப்ஷன், அதே 40 ஜிபி, அரை மணியில முழுசா இறங்கிடுச்சு. ரொம்ப நன்றி சார், தம்பிக்கும் நன்றி.