ஏற்றமும் இறக்கமும் கழிந்துவிடுமா?

மேட்டுக்காரன்:
வேலைக்குச் சைக்கிளில் போய்வர நினைக்கும் ஒரு புதியவர் இங்கே கேட்டிருந்தார்: வழியில் பெரிய மேடு, காலையில் இறக்கம், சாயங்காலம் வீடு திரும்பும்போது ஏற்றம், சமாளிக்க முடியுமா? அதற்கு ஒற்றைக்கியர் சொன்ன பதில்: “இறக்கமும் ஏற்றமும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். மொத்தத்தில் சமதரையில் ஓட்டிய மாதிரிதான்.” படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கழியாது ஐயா, ஒருநாளும் கழியாது. மேடு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 30 நிமிடம். அதே ஆள் சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகவும் வரவும் சேர்த்து 10 கிலோமீட்டரையும் முடிக்க ஆகும் நேரமும் 30 நிமிடம்தான். ஏற்றமே மொத்த நேரத்தையும் தின்றுவிட்டது. காலையில் கண் இமைக்கும் நேரத்தில் கீழே போய்ச் சேர்ந்திருந்தாலும் கணக்கு நேராகாது. புதியவர்களிடம் இப்படிச் சொல்லி அனுப்பினால் ஒரே வாரத்தில் சைக்கிளை விற்றுவிடுவார்கள்.

ஒற்றைக்கியர்:
10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறவருக்கு அந்தக் கணக்கு. நான் அதே மாதிரி மேட்டில் 14-இல் ஏறுகிறேன், அதுவும் கியர் இல்லாத வண்டியில். என் வாழ்க்கையில் கழிந்துகொண்டுதான் இருக்கிறது.

மேட்டுக்காரன்:
14-இல் ஏறினால் 21 நிமிடத்துக்கு மேல் போய்விடும். மிச்சம் எட்டரை நிமிடம். அதற்குள் 5 கிலோமீட்டர் இறங்க வேண்டுமானால் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் வேண்டும், அதுவும் சராசரியாக. வேகத்தடை, சிக்னல், குறுக்கே வரும் நாய் எதுவும் இல்லாமல். காலை நெரிசலில் அப்படித்தான் இறங்குகிறீர்களா? பதில் சொல்லுங்கள்.

பல்சக்கரம்:
நேரத்தை விடுங்கள், ஆற்றலைப் பாருங்கள். ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 85 கிலோ, மேட்டின் உயரம் 50 மீட்டர் என்றால் தூக்கும் வேலை சுமார் 42 கிலோஜூல். தசை தின்னும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்கு வந்து சேரும் என்பதால், உடல் செலவழிப்பது 40 கிலோகலோரி அளவுக்கு. இறங்கும்போது அந்த 42 கிலோஜூல் திரும்பக் கிடைப்பது உண்மைதான். ஆனால் யாருக்குக் கிடைக்கிறது? வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகிறது, அதில் பாதி போகிறது. மீதி பிரேக் கட்டையில் சூடாகப் போகிறது. கழியாது என்பதில் மேட்டுக்காரன் சொல்வது சரி.

ஒற்றைக்கியர்:
வெறும் 40 கலோரியா? இதற்கா இவ்வளவு புலம்பல்? நன்றி பல்சக்கரம், என் பக்கத்தை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

பல்சக்கரம்:
நான் நிரூபித்தது அதற்கு நேர் எதிரானதை. முழுப் பதிவையும் படியுங்கள். டயரில் காற்று எவ்வளவு வேண்டும் என்ற பழைய சண்டையிலும் பாதி வரியை எடுத்துக்கொண்டுதான் ஓடினீர்கள்.

ஒற்றைக்கியர்:
அந்தச் சண்டையில் கடைசியாகப் பேச ஆள் இல்லாமல் போனது யார் பக்கம் என்று எல்லாருக்கும் தெரியும்.

மேட்டுக்காரன்:
டயரை விடுங்கள். கழிந்துவிடும் என்று சொன்னீர்களா இல்லையா? கலோரி சின்னது என்று இப்போது நழுவாதீர்கள். மேட்டில் ஆளைக் கொல்வது மொத்தக் கலோரி அல்ல, அது எவ்வளவு வேகமாகச் செலவாகிறது என்பது. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் 10 கிலோமீட்டர் வேகத்துக்கே 130, 140 வாட் வேண்டும். அதே ஆளுக்கு சமதரையில் அந்த வேகத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. இதையெல்லாம் எப்போது செய்யச் சொல்கிறீர்கள்? மதியம் சாப்பிட்டது கரைந்து, தலை கனத்து, வீட்டுக்குப் போனால் போதும் என்று கிளம்பும் நேரத்தில். காலையில் இறக்கம் கிடைக்கும்போது உடம்பு புதிதாக இருக்கிறது, அப்போது அந்தச் சலுகையே தேவையில்லை. தேவைப்படும் நேரத்தில் மேடு நிற்கிறது. இதில் எது எதோடு கழிகிறது?

எதிர்காற்று:
இதில் காற்றை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அதிகாலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். வெயிலில் நிலம் சூடான பிறகு வேகம் பிடித்து, வேலை முடியும் நேரத்தில் இன்னும் வீசிக்கொண்டிருக்கும். போகும்போது பின்காற்று, வரும்போது எதிர்காற்று என்றாலும் கழியாது. நீங்கள் 20-இல் போகிறீர்கள், காற்று 10-இல் வீசுகிறது. எதிரே வந்தால் முகத்தில் மோதுவது 30, பின்னால் வந்தால் 10. தடை வேகத்தின் இருமடி. 900-உம் 100-உம் சேர்ந்து 1000. காற்றே இல்லாவிட்டால் 400-உம் 400-உம், 800.

ஒற்றைக்கியர்:
மேட்டைப் பற்றிப் பேசும்போது காற்றை எதற்கு இழுக்கிறீர்கள்? தோற்கும்போது பேச்சை மாற்றுவது.

எதிர்காற்று:
மேடு ஒரு கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். எதிர்காற்று வீட்டு வாசல்வரை வரும். அதை ஓட்டியவருக்குத்தான் தெரியும்.

மேட்டுக்காரன்:
சரி, ஆனால் நான் கேட்டது மேட்டை. ஒற்றைக்கியர், 35 கிலோமீட்டர் வேகம் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒற்றைக்கியர்:
தம்பி, நீங்கள் சைக்கிள் பழகுவதற்கு முன்பே நான் இந்தச் சாலைகளில் ஓட்டியவன். நான் இறக்கத்தில் பிரேக்கே பிடிப்பதில்லை. பிடித்தால்தானே பல்சக்கரம் சொல்லும் சூடு? விட்டால் வேகம், அந்த வேகத்திலேயே அடுத்த மேட்டில் பாதி ஏறிவிடலாம்.

மேட்டுக்காரன்:
யாரைத் தம்பி என்கிறீர்கள்? என் வயது உங்களுக்குத் தெரியுமா? வயதைக் காட்டி ஏற்றத்தைக் கழிக்க முடியாது.

கயல்மிதி:
பிரேக் பிடிக்காமல் இறங்கு என்று பொது இடத்தில் எழுதுவதை தயவுசெய்து நிறுத்துங்கள். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். முதல் சில சுற்று தண்ணீரைத் துடைக்கவே போய்விடும், அதற்குள் முன்னால் நிற்கும் வண்டியில் போய் இடித்திருப்பீர்கள். அப்புறம் அந்தப் புதியவருக்கு ஒரு வார்த்தை. மேட்டில் முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நான் தோளில் பையோடும் கேரியரில் காய்கறியோடும் தள்ளிக்கொண்டுதான் போவேன். மெதுவாக ஏறும்போது வண்டி தள்ளாடும், பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும், அந்தப் பதற்றத்தில் விழுவதைவிட நடப்பது மேல்.

ஒற்றைக்கியர்:
இறங்கித் தள்ளுவதற்கு சைக்கிள் எதற்கு? நடந்தே போகலாமே.

கயல்மிதி:
நடந்தால் மேட்டைத் தவிர்த்த மீதி வழிக்கும் ஒரு மணி நேரம் ஆகும், அதற்குத்தான் சைக்கிள். கால் தரையில் பட்டால் கௌரவம் போய்விடும் என்று நினைப்பவர்கள் மற்றவர்களுக்கு வழி சொல்ல வேண்டாம்.

பல்சக்கரம்:
தள்ளவும் வேண்டாம், சிரமப்படவும் வேண்டாம், கியர் வையுங்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள ஒற்றைக் கியரில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி 5 மீட்டர் போகிறது. மேட்டில் 8 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 26 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்கும். முன்னாலும் பின்னாலும் 34 பல் வைத்தால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், நிமிடத்துக்கு 63 சுற்று. அதே வேகம், அதே மேடு, முழங்கால் தப்பிக்கும்.

ஒற்றைக்கியர்:
செயின் விழும், கம்பி அறுந்து போகும், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிவிடும் டீரெய்லர் வளையும். இருட்டில் வீடு திரும்பும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது யார்? என் வண்டியில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. என் முழங்காலும் நன்றாகத்தான் இருக்கிறது.

பல்சக்கரம்:
செயினைத் துடைத்து எண்ணெய் விடத் தெரியாதவர்களுக்குத்தான் அதெல்லாம் அறுந்து போகும்.

மாலைப்பெடல்:
இவ்வளவு சண்டை எதற்கு? பேட்டரி சைக்கிள் வாங்கினால் மேடு என்ற பேச்சே முடிந்தது. மோட்டார் உதவியோடு வியர்வையே இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறேன்.

ஒற்றைக்கியர்:
அது சைக்கிள் இல்லை.

எதிர்காற்று:
இந்த ஒன்றில் மட்டும் ஒற்றைக்கியரோடு நிற்கிறேன்.

மாலைப்பெடல்:
பெடல் மிதிக்காமல் என் மோட்டார் ஓடாது. மிதிப்பது சைக்கிள் இல்லையென்றால் வேறு என்ன? உங்களுக்கு வலித்தால்தான் கணக்கில் வருமா? இறக்கத்தில் பேட்டரி கொஞ்சம் திரும்ப ஏறவும் செய்கிறது. உண்மையில் கழிப்பது என் வண்டிதான்.

மேட்டுக்காரன்:
சில வண்டிகளில்தான் அந்த வசதி, அதிலும் திரும்பக் கிடைப்பது சொற்பம். பெடலை நிறுத்தினால் சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றும் மோட்டாரில் துளிகூடத் திரும்பாது. ஆகவே அதுவும் கழியாது. மோட்டாரை வைத்துக்கூட கழியாததை வெறும் காலை வைத்துக் கழிக்கிறேன் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். 35 கிலோமீட்டர். பதில் இன்னும் வரவில்லை.

ஒற்றைக்கியர்:
சரி, இதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். காலையில் இறக்கம் என்பதால் சட்டை நனையாமல் வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வியர்த்தால் வீட்டில் குளித்துக்கொள்கிறேன். வழி தலைகீழாக இருந்திருந்தால் நாள் முழுக்க வியர்வை நாற்றத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வசதியை உங்கள் நிமிடக் கணக்கில் எங்கே போடுவீர்கள்? இதைத்தான் கழிந்துவிடும் என்றேன்.

மேட்டுக்காரன்:
சமதரையில் ஓட்டிய மாதிரிதான் என்று எழுதினீர்கள். வியர்வை, குளியல் எதுவும் அதில் இல்லை. மேலே அப்படியே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

கயல்மிதி:
கேள்வி கேட்ட புதியவர் எங்கே? அவருக்கு வேண்டியது, சீட்டை எந்த உயரத்தில் வைப்பது, கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ஏதாவது சாப்பிடலாமா, பின்விளக்கு வேண்டுமா என்பதுதான். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருந்தால் மேட்டின் பாதிக் கஷ்டம் குறையும். அதை ஒருவரும் சொல்லவில்லை.

மேட்டுக்காரன்:
சீட்டு உயரம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடித்தளமே தவறாக இருக்கும்போது அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். ஏற்றம் இறக்கத்தோடு கழியாது. இதை ஒற்றைக்கியர் தன் வாயால் சொல்லும்வரை நான் நகரப்போவதில்லை.

ஒற்றைக்கியர்:
காத்திருங்கள். நான் இப்போது கிளம்புகிறேன், மேடு ஏற வேண்டும்.

எதிர்காற்று:
பின்விளக்கு என்றதும் நினைவு வந்தது. டயரில் உரசும் டைனமோ போட்டால் வண்டி இழுக்கும் என்று போன மாதம் பல்சக்கரம் சொன்னதை நான் ஏற்கவே இல்லை. 3 வாட் விளக்குக்கு என்ன இழுக்கப்போகிறது?

பல்சக்கரம்:
விளக்குக்கு 3 வாட். உரசலில் வீணாவது அதைவிட அதிகம். மேட்டில் மெதுவாகப் போகும்போது வெளிச்சமும் மங்கிவிடும். இதை எத்தனை தடவை சொல்வது?

மேட்டுக்காரன்:
டைனமோவுக்கு வேறு இடத்தில் போய்ச் சண்டை போடுங்கள். இங்கே ஒரு கேள்வி நிற்கிறது.