ஒலிம்பியா லுப்லியானாவுக்கு 4 பட்டமா, 8 பட்டமா?

லைன்மேன்:
ஸ்லோவேனிய கால்பந்து லீக் சாம்பியன்களை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஒலிம்பியாவுக்கு ஓரிடத்தில் 4 என்றும் இன்னோரிடத்தில் 8 என்றும் இருக்கிறது. எதை எடுக்கலாம்? யூகோஸ்லாவியா காலத்தையும் சேர்க்கணுமா?

கார்னர்கொடி:
இரண்டு கிளப், தலா 4. பழைய ஒலிம்பியா 1992 முதல் 1995 வரை வரிசையாக நான்கு முறை வென்றது. கடனில் மூழ்கி 2005-ல் கலைந்தது. அதே வருஷம் பெஜிக்ராட் என்ற பெயரில் புதுக் கிளப் பதிவானது. ஐந்தாம் டிவிஷனில் ஆரம்பித்து, வருஷத்துக்கு ஒரு படியாக ஏறி, 2009-ல் முதல் டிவிஷனுக்கு வந்துவிட்டது. ஒலிம்பியா லுப்லியானா என்ற பெயரை 2008-லேயே எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் வென்றது 2016, 2018, 2023, 2025.

கால்பந்துச் சங்கம் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு கதை. உங்கள் ஷீட்டில் பெயர் ஒன்றாக இருந்தால் கவுன்ட்இஃப் (ஒரு பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ஃபார்முலா) இரண்டையும் கூட்டி 8 காட்டும். 'ஒலிம்பியா-பழையது', 'ஒலிம்பியா-2005' என்று பிரித்துப் போடுங்கள்.

ஹாஃப்டைம்:
அதிகப் பட்டம் வென்ற கிளப்பான மாரிபோர்க்காரர்களுக்கு இந்தச் சண்டை வேடிக்கைதான். எட்டு என்றே வைத்தாலும் அவர்களுடைய 16 பட்டத்தில் பாதி!

முரா கிளப்பிலும் இதே சிக்கல் வரும். முர்ஸ்கா சோபோட்டா ஊரில் பழைய முரா 2005-ல் போனது, முரா 05 என்பது 2013-ல் போனது. 2021 பட்டம் 2012-ல் தொடங்கிய மூன்றாவது கிளப்புக்கு. கடைசி ஆட்டத்தில் மாரிபோரை அவர்கள் மைதானத்திலேயே 3-1 என்று சாய்த்தார்கள். இரண்டுக்கும் புள்ளி சமம், இருவரும் நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் முடிவுகளால் கோப்பை முராவுக்குப் போனது.

யூகோஸ்லாவியா காலத்தைச் சேர்க்காதீர்கள். அப்போது யூகோஸ்லாவியாவின் ஒரு குடியரசாக இருந்த ஸ்லோவேனியாவுக்கென்று குடியரசு லீக் இருந்தது, ஆனால் வலுவான கிளப்புகள் அதில் ஆடவில்லை. ஒலிம்பியா 1965-ல், மாரிபோர் 1967-ல் யூகோஸ்லாவிய முதல் டிவிஷனுக்கே போய்விட்டன. அதனால் குடியரசு லீக் சாம்பியன் என்றால் மிச்சமிருந்தவர்களில் முதலிடம், அவ்வளவே. இப்போதைய ஸ்லோவேனிய லீக்கின் தொடக்கம் 1991-92, அந்த சீசனில் 21 கிளப்.

கார்னர்கொடி:
சரிபார்க்க: 2025 வரை 34 சீசன். மாரிபோர் 16, பழைய ஒலிம்பியா 4, புதியது 4, கோரிட்சா 4, டோம்ஜாலே 2, செல்யே 2, கோப்பர் 1, முரா 1. கூட்டினால் 34 வரணும். எண்ணிக்கை சரியாக வந்தும் வருஷம் ஒன்று தள்ளி நின்றால், சீசன் தொடங்கிய வருஷத்தையும் முடிந்த வருஷத்தையும் கலந்து போட்டிருப்பீர்கள். முடிந்த வருஷத்தையே எல்லா வரியிலும் வையுங்கள்.