விளக்கின் நிறமும் இரைச்சலும் புழுக்கத்தைக் கூட்டுமா?

மயிலாப்பூர்வாசி:
மேல்தளத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டு வெண்ணிற எல்இடி பொருத்திய பின், வெப்பமானி அதே 32 டிகிரியைக் காட்டினாலும், புழுக்கம் குறைந்துவிட்டதாக என் தாயார் சொல்கிறார். மின்தடையின்போது ஜெனரேட்டர் இரைந்தால் புழுக்கம் கூடுகிறதாம். இது வெறும் மனப்பிரமையா?

அடையாறு வாசகர்:
மனப்பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் விளைவு மிகச் சிறியது. டென்மார்க்கின் ஃபாங்கர் குழுவினர் 1977இல் வெளியிட்ட ஆய்வில், அடர்சிவப்பு ஒளியில் அமர்ந்தவர்கள், நீல ஒளியில் விரும்பியதைவிட ஏறக்குறைய 0.4 டிகிரி குறைவான வெப்பநிலையை விரும்பினர். இரைச்சலை 40 டெசிபலிலிருந்து 85 டெசிபலுக்கு உயர்த்தியபோதும் அவர்களது விருப்பம் மாறவில்லை. ஆகவே ஜெனரேட்டர் தருவது எரிச்சலே என்பது என் கருத்து. (அந்நேரத்தில் ஏசி ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.)

மின்பணியாளர்:
கழற்றியது குண்டு பல்பா? அப்படியானால் அது இழுக்கும் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெப்பமாகவே வெளியேறும். நிறத்தைப் பற்றிய பேச்சே அதன் பிறகுதான்.

மயிலாப்பூர்வாசி:
இல்லை, அதுவும் எல்இடிதான்.

தாம்பரத்துக்காரர்:
கத்திரி வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தளம் இரவு பத்து மணிக்கும் அனலை உமிழ்ந்துகொண்டிருக்கையில், விளக்கின் நிறம் எவ்வளவுதான் உதவும்? மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். தாயார் அமரும் இடத்துக்கு நேராக மின்விசிறியை வையுங்கள். வெண்ணிற விளக்கு அவருக்குப் பிடித்திருந்தால், அதுவும் இருக்கட்டும்.