சிக்னலில் அணைந்துபோன பத்மினியும் மாற்றாமல் தப்பிய கார்புரேட்டரும்

என்னுடையது எண்பதுகளில் வந்த பிரீமியர் பத்மினி. 1089 சிசி இன்ஜின், சோலெக்ஸ் என்ற பிராண்டு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்). போன கோடையில் ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவது) நிற்காமல் தொல்லை கொடுத்தது. ரோட்டில் இழுவைக்குக் குறையே இல்லை. சிக்னலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்துவிடும். பார்த்த மெக்கானிக் ஒருவர், “கார்புரேட்டர் போச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்றார். எனக்கு மனசு வரவில்லை. இன்று புதிது என்று கடையில் நீட்டுவதில் டூப்ளிகேட் நிறைய. பழைய ஒரிஜினல் பாடியின் வேலைப்பாடு அதில் வராது.

வேகத்தில் நன்றாக ஓடுகிறதென்றால் பெட்ரோல் பம்ப், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட், மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் திருகு) மூன்றையும் பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டாம். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் போவது ஸ்லோ ஜெட் வழியாக. காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக்கை லேசாக இழுத்துப் பார்த்தேன். இன்ஜின் அணையாமல் நின்றது. அப்படியானால் கலவையில் காற்று அதிகம். ஒன்று ஸ்லோ ஜெட் அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கோ ஏர் லீக்.

ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்தேன், மாற்றமில்லை. ஜெட்டுக்குள் தயவுசெய்து கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். சோலெக்ஸ் ஜெட்டில் 125 என்று பொறித்திருந்தால் துளை 1.25 மி.மீ. என்று அர்த்தம். 130 நம்பர் ஜெட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் வெறும் 0.05 மி.மீ.தான். கிளட்ச் வயரில் ஒரு இழையைப் பிரித்தெடுத்து அந்தப் பித்தளைத் துளையைக் குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அடுத்து, இன்ஜின் ஓடும்போதே கார்புரேட்டரின் அடிப்பாகத்தைச் சுற்றி கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சமாக அடித்தேன். (இன்ஜின் அதிகம் சூடாவதற்கு முன் செய்யுங்கள், தீப்பிடிக்கும் பொருள் அது.) ஒரு மூலையில் பட்டதும் ஐட்லிங் குபுக்கென்று ஏறியது. அங்கேதான் காற்றை உறிஞ்சுகிறது. கழற்றிப் பார்த்தால் அடி ஃபிளாஞ்ச், அதாவது இன்ஜின் பக்கம் பொருந்தும் தட்டை விளிம்பு, வளைந்திருந்தது. இரண்டு பக்க நட்டையும் முறுக்கு முறுக்கென்று முறுக்கியே பல பழைய சோலெக்ஸ்களுக்கு இந்தக் கதி வந்திருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் எமரி பேப்பரை விரித்து, ஃபிளாஞ்ச் மட்டமாகும்வரை பொறுமையாகத் தேய்த்தேன். புது பேக்கிங் போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இப்போது சிக்னலில் அமைதியாக நிற்கிறது.

நண்பரின் பெட்ரோல் அம்பாசடர் விஷயம் வேறு. வண்டி சூடானதும் மிஸ்ஸிங், திணறல். எல்லோரும் கார்புரேட்டரையே பிரித்துப் பிரித்து மூடினார்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து செல்ஃப் அடிக்கும்போது பார்த்தால், உள்ளே திறந்து மூடும் பாயின்ட்டில் பளீரென்று பெரிய பொறி பறந்தது. அந்தப் பொறியை அடக்க வேண்டிய கன்டென்சர் பழுது! அதை மாற்றியதும் வண்டி சரியாகிவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்: பாயின்ட், கன்டென்சர், பிளக், டைமிங், டேப்பட் (வால்வு இடைவெளி) எல்லாம் பார்த்த பிறகே கார்புரேட்டரில் ஸ்பேனர் வையுங்கள்.

இப்போது 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வேறு வந்துவிட்டது. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவில் கலவை இன்னும் மெலியும், அதாவது காற்றின் பங்கு கூடும். ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் ஃப்ளோட் அறையில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். பெட்ரோல் ஹோஸை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். ரிப்பேர் கிட் வாங்கும்போது ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாஃப்ரமை (பம்பின் மெல்லிய சவ்வு) விரலால் மடக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் அது கடையில் கிடந்து காய்ந்த பழைய சரக்கு, வேறு கேளுங்கள்.