புளியில் கரைந்த எழுத்துகள்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்குக் குடிவந்த மூன்றாம் ஆண்டில் மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கினேன். நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் இங்கே யாரும் எந்த வயலிலும் தேடக்கூடாது என்பதால், கருவி கைக்கு வந்த பின்னும் ஆறு மாதம் பண்ணை பண்ணையாகக் கேட்டு அலைய வேண்டியிருந்தது. கடைசியில் கோதுமை பயிரிடும் முதியவர் ஒருவர், கிடைப்பதில் பாதி தமக்கு என்றும், தோண்டிய குழியை மூடாமல் போகக்கூடாது என்றும் சொல்லி, ஆகஸ்டில் அறுவடை முடிந்ததும் வரச் சொன்னார்.

தொடக்கத்தில் அகப்பட்டதெல்லாம் குப்பைதான். கருவியின் கம்பிச்சுருளிலிருந்து எழும் காந்தப்புலம் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது; அதன் மறுவிளைவையே கருவி ஓசையாகவும் எண்ணாகவும் காட்டுகிறது. இரும்பாணிக்குக் கரகரப்பு, வெள்ளிக்குக் கணீரென்ற ஒலி என்று படித்து வைத்திருந்தேன். பீர் டப்பாவின் இழுப்பு வளையமும் சிறிய பொற்காசும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டக்கூடும் என்பது முட்டி வலித்த பிறகே விளங்கியது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஒரு சாண் ஆழத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய வட்டு ஒன்று பச்சைக் களிம்பு படிந்து வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். குத்துவிளக்குக்கும் பித்தளைச் சொம்புக்கும் எங்கள் வீட்டில் என்ன செய்வார்களோ, அதையே இதற்கும் செய்தேன்: புளியைக் கரைத்து ஊறவைத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். பத்தே நிமிடத்தில் காசு செம்பு நிறத்தில் பளபளத்தது. இரண்டு குழந்தைகளுக்குப் பாலூட்டும் பெண் ஓநாயும், அதற்கு மேலே இரண்டு விண்மீன்களும் மங்கலாகத் தெரிந்தன. அன்று இரவே ஊரிலிருந்த அண்ணனுக்குப் படம் அனுப்பினேன், அத்தனை பெருமை.

இங்கே பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவு செய்வதற்கென்றே 1997 முதல் ஒரு திட்டம் இயங்குகிறது. அதன் வட்டார அலுவலர் என் காசை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, நான் எதைக் கொண்டு துலக்கினேன் என்று கேட்டார். புளி என்பதை ஆங்கிலத்தில் விளக்கியபோது எனக்கே கூசியது. கி.பி. 330இலிருந்து பேரரசர் கான்ஸ்டன்டைன் ரோம் நகரத்தின் பெயரால் வெளியிட்ட காசு அது. ஓநாயின் காலடியில், காசு அச்சிட்ட இடமான அக்கசாலையைக் குறிக்கும் எழுத்துகள் இருந்திருக்க வேண்டும். லண்டன் அக்கசாலை அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டதால், இத்தகைய காசுகள் ட்ரியர், லியோன், ஆர்ல் போன்ற ஊர்களிலிருந்து வந்தன. எது எங்கிருந்து வந்தது என்பதை அந்த எழுத்துகளே சொல்லும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த செப்புக் காசில் பல நேரங்களில் நுண்ணிய வடிவங்கள் அந்தக் களிம்பில்தான் தங்கியிருக்கின்றன. அமிலம் பட்டால் களிம்போடு எழுத்தும் போய்விடும்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னை இன்னும் குன்றச் செய்தது: வயலில் சரியாக எந்த இடம்? ஓக் மரத்துக்கு நேராக, நடுவில் எங்கோ என்றேன். அது இருபது ஏக்கர் நிலம்.

அப்போதுதான் அவர் ஹாக்ஸ்ன் புதையலைப் பற்றிச் சொன்னார். 1992இல், பக்கத்து மாவட்டமான சஃபோக்கில், விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போன எரிக் லாஸ் என்பவரின் கருவி, ரோமானியப் புதையல் ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. கொஞ்சம் வெளியே எடுத்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்தி, செய்தி சொல்லி அனுப்பினார். தொல்லியலாளர்கள் வந்து எஞ்சியதை அது கிடந்த நிலையிலேயே அகழ்ந்ததால், எந்தப் பொருள் எதனோடு, எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பது வரை தெரிய வந்தது. பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகளோடு, மிளகு வைக்கும் வெள்ளிச் சிமிழ்கள் நான்கும் அதில் இருந்தன. மிளகு நம் மேற்குக் கடற்கரைச் சரக்கு என்பதால் எனக்கு அந்தச் சிமிழ்கள் மேல் தனிப் பாசம். தொலைந்த சுத்தியலும் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறு ஆண்டு அதே வயலில் அரை வட்டமாக வெட்டப்பட்ட மெல்லிய வெள்ளித் துண்டு ஒன்று கிடைத்தது. 1247இல் மூன்றாம் ஹென்றி அறிமுகப்படுத்திய நீள்சிலுவைப் பென்னியின் பாதி அது; அரைப் பென்னி தேவைப்பட்டால், சிலுவைக் கோட்டிலேயே காசை இரண்டாக வெட்டிக்கொள்வது அன்றைய வழக்கம். இம்முறை மண்ணைக்கூடத் துடைக்கவில்லை. இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, ஆழத்தை அளந்து, குழியோடு படம் எடுத்த பின்னரே கையில் எடுத்தேன். 300 ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இரண்டு சேர்ந்து கிடைத்தாலே 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அது புதையல். 14 நாட்களுக்குள், அகால மரணங்களை விசாரிக்கும் அதே கொரோனரிடம் அறிவிக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒன்றுதான் என்றாலும் பதிவுக்குக் கொடுத்தேன்.

இதைப் படித்துவிட்டு ஊரில் கருவியும் கையுமாகக் கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும்.

அரைப் பென்னியின் பதிவில் இடம், ஆழம், எடை எல்லாம் நிரம்பியிருக்கின்றன. ஓநாய்க் காசின் பதிவையும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதுண்டு. அக்கசாலை என்ற கட்டத்தில் "அறிய இயலவில்லை" என்று இருக்கிறது.